ராஜ வீதியில் நின்று நின்று போன தென்னேரி பஸ்

கண்ணெதிரே வந்து நின்ற பஸ்ஸை, இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவைத்த முட்டாள் நான். படியில் கால் வைத்த மனைவியையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

"இன்னாங்க, தென்னேரின்னு போர்டு போட்டுக்கினு இருக்குதே?"

"போர்டு மாத்தாம வந்திருப்பான்மா. நம்ம பஸ் ராஜ வீதியில இருக்குது, பாரு."

போனில் பஸ் வரும் இடம் காட்டும் செயலி அப்படித்தான் காட்டியது. அந்தச் செயலியை எழுதியதே நான்தான், நம்பாமல் எப்படி?

தென்னேரியில் தங்கை மகளுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ராகு காலம் பிறப்பதற்குள் என் மடி அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் பிழைப்பு. ஆசை மட்டும் பஸ் மேல். பஸ்கள் எங்கே வருகின்றன என்ற தகவலைத் திறந்துவிட்டால் என்னைப் போன்ற தனி ஆட்கள் ஊருக்குச் செயலி செய்து தரலாமே என்று போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன்.

"எல்லா வண்டியிலயும் ஜிபிஎஸ் இருக்குது சார். எங்க போவுதுன்னு எங்களுக்குத் தெரியுது. அது போதாதா?" என்றார் அதிகாரி.

போதவில்லை. தென்னேரி பஸ்ஸின் கண்டக்டர் என் சிநேகிதர். அவரிடம் என் பழைய போனைக் கொடுத்து, எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்னேன். அவர் போகுமிடமெல்லாம் என் செயலியில் பஸ் போனது.

காதுகுத்தன்று பஸ் ராஜ வீதியில் ஆமை போல ஊர்ந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றது. பங்குனி உற்சவ நெரிசல் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பஸ் போகாத கோயில் பக்கம் திரும்பியதும் கண்டக்டருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

"லீவு போட்டுட்டு சாமி தூக்கிக்கினு இருக்கேன்பா!"

"நான் குடுத்த போன் எங்க?"

"இடுப்புல சொருவி வெச்சிருக்கேன். நீதானே கூடவே வெச்சிக்கச் சொன்னே?"

இதற்குள் செயலிக்கு முதல் பாராட்டு வந்திருந்தது. யாரோ ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: 'சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று சரியாகக் காட்டுகிறது.'

மனைவி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

போய் இறங்கியபோது குழந்தை காதில் கம்மலோடு அழுதுகொண்டிருந்தது. காத்திருந்து பார்த்து, நேரமாகிவிட்டதென்று பந்தல் போட வந்தவரைக் குளிக்கச் சொல்லி, வேட்டி கொடுத்து, அவர் மடியிலேயே குத்திவிட்டார்களாம். அவர் வெட்கத்தோடு எழுந்து எனக்கு இடம்விட்டார். சீர்த்தட்டோடு நின்ற என்னைத் தங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுத்த விசேஷத்துக்கும் இவரையே கூப்புட்டுக்கறேன்ணா. இவரு சொன்ன நேரத்துக்கு வர்றாரு."