கொட்டகை ஓரத்துக் கிழங்கு

என் கணவர் வைகாசியில் இறந்தார். புரட்டாசி பிறந்ததும் கொழுந்தனார் பெங்களூரிலிருந்து போன் செய்து, நிலத்தைச் சும்மா போட வேண்டாம், ஏதாவது நடுங்கள் என்றார். சர்க்கரைவள்ளி நடுகிறேன் என்று சொன்னேன். அந்தப் பயிரின் மேல் எனக்குத் தனி ஆசை எதுவும் இல்லை. ஆள் பார்க்காமலே வளரும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான்.

பாகலூர்ப் பக்கம் எங்கள் நிலத்தைச் சுற்றித் தக்காளி, கோஸ், அதற்கப்பால் பசுமைக்குடில் ரோஜா. காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது ஒருவர் முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து வரப்பில் நடந்துகொண்டிருப்பார். எங்கள் வயலுக்கு ஒரு தடவைகூட மருந்து அடிக்கவில்லை. பக்கத்து வயல்காரம்மா கொடி கொடுத்தார். இங்கே சர்க்கரைவள்ளிக் கொடி கேட்டு வந்தவர்களிடம் காசு வாங்குவதில்லை. அதை நறுக்கியபோது வடிந்த வெள்ளைப் பால் விரல்களில் காய்ந்து கறுத்து, சோப்புக்கும் போகாமல் சில நாள் இருந்தது. கடிக்க வரும் சின்னப் பூச்சியின் வாயை ஒட்டவைப்பது அந்தப் பால்தான் என்று பிறகு படித்தேன்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அதைப் பற்றித்தான் படித்தேன். வேறு எதைப் படித்தாலும் மனதில் நிற்கவில்லை. சில ரகங்களில் ஓர் இலையைப் புழு கடித்தால் அந்த இலையிலிருந்து ஒரு வாசனை கிளம்புமாம். கடிபடாத இலைகளும் பக்கத்துச் செடிகளும் அதை உணர்ந்து, தின்ற பூச்சிக்குச் செரிக்காத ஒரு சத்தைத் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளுமாம். எங்கள் வயலிலும் இலைகளில் ஓட்டைகள் விழுந்தன, ஓர் அளவோடு நின்றன. எங்கள் ரகம் அப்படிப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. மார்கழியில் மண் வெடித்தபோது வெடிப்புகளை மூடி மண் அணைக்க வேண்டும் என்றும் படித்திருந்தேன். அந்த மாதம் ஓவர்டைம் போட்டார்கள். அணைக்கவில்லை.

வீட்டில் நானும் என் கணவரின் அம்மாவான அத்தையும் மட்டும்தான். மகன் போனபின் கொழுந்தனார் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஒவ்வொரு முறையும் அத்தையைக் கூப்பிடுவார். "மாட்டை யார்றா பாக்கறது?" என்பார் அத்தை. பேச்சு அதோடு நின்றுவிடும். நானும் அவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. மாட்டோடு அவர் கன்னடத்தில் பேசுவார். மாலையில் பஸ் இறங்கி வரும்போது கொட்டகையிலிருந்து அந்தக் குரல் கேட்கும். அது கேட்காத வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று சில நாள் யோசித்திருக்கிறேன். அதற்கு மேல் யோசனை போகாது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் முதல் சில வரிசைகளைத் தோண்டினோம். கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அந்தப் பழக்கத்தில் கிழங்குகளைச் சந்தைக்கு, வீட்டுக்கு, கழிவு என்று பிரித்தேன். கழிவு நிறையவே வந்தது. மண் வெடிப்பு வழியாகக் கூன்வண்டு இறங்கியிருந்தது. கிழங்கைக் கீறினால் பச்சையும் கறுப்புமாகச் சுரங்கம், மருந்துபோல ஒரு கசப்பு வாடை. எங்கள் லைனில் கழிவென்று சிவப்பு ட்ரேயில் போட்டதை யாரும் தொடமாட்டார்கள். அந்த நினைப்பிலேயே கழிவைக் கொட்டகை ஓரமாகக் குவித்தேன். நல்லதோடு கலக்காத இடமாகப் பார்த்து வைத்தேன். அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை.

ஊரில் கொட்டகை ஓரம் வைப்பது மாட்டுக்கு. அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

மாட்டுப் பொங்கலன்று நான் எழுந்து வருவதற்குள் அத்தை ஓர் அண்டா நிறையக் கிழங்கை வேகவைத்து, வெல்லம் கரைத்து ஊற்றிப் பிசைந்து மாட்டுக்கு வைத்துவிட்டார். குவியலில் பூசணம் பூத்திருந்ததைக் கழுவி எடுத்தாராம். வெந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். பக்கத்து வயல்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாட்டுக்கு வெல்லம், மருமவளுக்கு என்னா?" என்று கேட்டார்.

"மருமவ பால் கறக்கறாளா?" என்றார் அத்தை.

மூன்று பேரும் சிரித்தோம். நான் சிரித்தது எனக்கே கேட்டது.

மறுநாள் மாடு தீவனம் தொடவில்லை. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கியது. கால்நடை டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். என்ன தின்றது என்று விசாரித்தார். குவியலில் மிச்சம் இருந்ததை எடுத்து முகர்ந்தார். வண்டு கடித்தாலும் பூசணம் பிடித்தாலும் கிழங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கசப்பை ஊறவைக்கும் என்றும், பூசணம் அதை இன்னும் மோசமான விஷமாக்கும் என்றும், மாட்டுக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும் என்றும் விளக்கினார்.

"வேகவெச்சுத்தாம்மா குடுத்தேன்," என்றார் அத்தை.

"வேகவெச்சாலும் அது போவாதும்மா. இதுக்கு மாத்து மருந்தும் கெடையாது. ஊசி போடறேன். தாங்கிச்சுன்னா பொழைக்கும்."

டாக்டரம்மா போனபின் அத்தை என் பக்கம் திரும்பினார். "நீதான கொட்டகை ஓரம் வெச்ச?"

"ஆமா அத்தை."

நான் லீவு போட்டேன். இருவரும் மாறி மாறி மாட்டின் அருகே உட்கார்ந்தோம். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், ஆளுக்கொரு பக்கம். அத்தை அதன் காதருகே கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அதுவும் நின்றது. அடுத்த நாள் காலையில் மாடு இறந்தது. ஜேசிபி வைத்து வயல் மூலையில் புதைத்தார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அடுப்பில் பால் இல்லாத டீயை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் காரில் வந்தார். இனி மாடும் இல்லை, துணிமணியை எடுத்து வையுங்கள் என்று அம்மாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, நீங்களும் கம்பெனி ஹாஸ்டலுக்கு மாறிவிடலாமே அண்ணி என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தை உள்ளே போனார். பையை எடுக்கப் போகிறார் என்று நினைத்துக் கதவோரம் ஒதுங்கி நின்றேன். அவர் களைக்கொத்தோடு வெளியே வந்தார்.

"வயல்ல பாதிக் கெழங்கு கெடக்குது. வண்டு உளுந்த கெழங்க ஒண்ணு வுடாம எடுத்துப் பொதைக்கோணும். இல்லன்னா பக்கத்து வயலுக்குப் போவும். அவ கொடி குடுத்தவ."

"ஆள் வெச்சு எடுக்கலாம்மா."

"கூலிக்காரங்க மேலாப்புல நோண்டிட்டுப் போவாங்க. எடுத்து முடிக்கறோம், அப்புறம் பாக்கலாம், போ."

முடிக்கறேன் என்று அவர் சொல்லவில்லை, முடிக்கறோம் என்றார். கார் தார்ச்சாலை ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை அதற்குள் வரப்பைத் தாண்டியிருந்தார். நான் கூடை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் கொடியை இழுத்துச் சுருட்டினார், நான் மண்ணைக் கீறிக் கையால் துழாவினேன். சுண்டுவிரல் அளவு வேர்களையும் விடவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒரு வரிசை முடிந்ததும் அதையே இன்னொரு முறை நோண்டச் சொன்னார். நோண்டினேன்.