கூரைக்குக் கீழே ஒரு வாளி

வணிக வளாகத்தின் மேல்மாடியில் கடை வைத்திருந்த தையல்காரர் தன் நிழலைக்கூட நம்பமாட்டார். கூரை ஒழுகுகிறது என்று பதினோரு தடவை புகார் எழுதிக் கொடுத்ததற்குப் பராமரிப்பு ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

"பக்கத்து ஜெராக்ஸ் கடையில மட்டும் ஒரு சொட்டு விழலியே! அவன் மேனேஜருக்கு வேண்டப்பட்டவன்டி. இதுல ஏதோ உள்குத்து இருக்கு" என்று பொண்டாட்டியிடம் பொருமினார்.

அடுத்த மழையில், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று வராந்தாக் கோடியில் இருந்த ஆபீசுக்குள் தடதடவென்று நுழைந்தார். மேனேஜர் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, அந்த நாற்காலி நனையாது, உட்காருங்க."

தையல்காரர் உட்காரவில்லை. வந்த வேகத்திலேயே கடைக்குத் திரும்பி, பட்டன் தைத்துக்கொண்டிருந்த பொண்டாட்டியிடம் சொன்னார்:

"நான் அப்பவே சொல்லல? நமக்கு ஒரு வாளி. அவனுக்கு ரெண்டு!"