டயருக்குக் கீழே ஈரம்

வயல் வட்டையில் உழவு முடிந்ததும் மச்சானின் ட்ராக்டர் கிரானுக்கு அப்பால் தேக்கங்காட்டில் மரம் இழுக்கப் போகும். மச்சான் என் அக்காவின் கணவர்; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். காலையில் அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நான் காற்றளக்கும் கேஜோடு நாலு டயரையும் சுற்றி வந்துவிடுவேன்.

"டொக்டர் வந்துட்டார்," என்று நக்கலடிப்பார்.

சேற்றில் பிடிமானம் வேண்டுமென்று பின் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தோம். ஒரு நாள் அதிலொன்றின் கீழே மண் ஈரமாக இருந்தது.

"நாய் மூத்திரம் பெய்திருக்கும். விடுங்க மச்சான், நேரமாகுது," என்றார்.

நான் குனிந்து மணந்து பார்த்தேன். "ஒரு மணமும் இல்ல மச்சான். இது தண்ணிதான்."

டயரில் ஒட்டியிருந்த சேற்றை வழித்தால், விரல் நீளத் தேக்கஞ்சிராய் ஒன்று உள்ளே ஏறியிருந்தது. மரப் பாரத்தோடு இறக்கத்தில் அது வெடித்திருந்தால் ட்ராக்டர் அவர் மேலேயே கவிழ்ந்திருக்கும். மச்சான் டயரைக் கழற்ற ஜக்கை எடுத்து வந்தார். கடையில் ஒட்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. எனக்கோ அன்று முழுக்க ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் நான் கேஜோடு போனபோது, மச்சான் எனக்கு முந்தியே டயருக்குக் கீழே குனிந்திருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"இண்டைக்கு நாய்தான்," என்றார்.