என் வேலையைப் போன் எடுத்துக்கொண்டபோது

சென்ற ஆண்டு மாரி மழை ஓய்ந்து, திருகோணமலையில் வெயில் மறுபடி சுடத் தொடங்கியிருந்த நாட்களில் இது நடந்தது. நடந்த இடம் கிண்ணியாவில் ஒரு வீட்டின் குளியலறை. ஆனால் அங்கே போவதற்கு முன் என் கணவரைப் பற்றியும், நான் பார்த்துவந்த ஒரு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

என் கணவர் ஒரு பைப் பாஸ். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்துவதும் உடைந்ததைத் திருத்துவதும்தான் அவருடைய தொழில். நாங்கள் இருப்பது ஓர்ஸ் ஹில் பக்கம். கல்யாணமாகிச் சில வருடங்களில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, இரண்டு காதுகளும் போய்விட்டன. பேச்சு அப்படியே இருந்தது, மற்றவர் சொல்வது மட்டும் கேட்காது. வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் எப்படி வேலை செய்வது? இனித் தொழில் இல்லை என்று முகட்டைப் பார்த்தபடி படுத்துவிட்டார். ஒருநாள் காலையில் நானே அவருடைய சாமான் பையைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டு, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வந்து பார்த்தார். வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து நான்தான் அவருடைய காது. போன் எடுப்பது, வீட்டுக்காரரோடு கதைப்பது, எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சமாளிப்பது எல்லாம் நான்தான். எங்களுக்குள் ஒரு கைப்பாஷை தானாகவே உண்டானது. கட்டைவிரலைத் திருகிக் காட்டினால் வால்வ். உள்ளங்கையைத் தலைக்கு மேலே கவிழ்த்தால் தண்ணீர்த் தாங்கி. மூக்கைப் பொத்திக் காட்டினால் அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார்.

இப்படியே வருடங்கள் போயின. பிறகு என் தம்பி ஒரு புதுப் போனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். தம்பிக்கு டவுனில் போன் திருத்தும் கடை. யார் பேசினாலும் அதை உடனே எழுத்தாகக் காட்டும், சிங்களத்தில் சொன்னால் தமிழாக்கியும் தரும், எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்கிற வேலை என்றான். "என்னவும் சொல்லுங்கோ அக்கா" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் அடுப்படியைப் பார்த்தேன். "சோறு ஆறுது, சாப்பிட வாங்கோ" என்றேன். என் கணவர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். அதை அழிக்க விடாமல் அன்று முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அவர் தனியாக வேலைக்குப் போகத் தொடங்கினார். ஆட்கள் குரல் பதிவாக அனுப்புவார்கள். போன் எழுதிக் கொடுக்கும். மாலையில் வந்து, அந்த வீட்டு ஐயா இப்படிச் சொன்னார், இந்த வீட்டுப் பிள்ளை அப்படிக் கேட்டது என்று ஓயாமல் கதை சொல்வார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் காலையில் கிளம்பிப் போன பிறகு, வாசலில் தொங்கும் என் ஹெல்மெட்டைப் பார்க்காமல் குசினிக்குள் போய்விடுவேன்.

அந்த நாட்களில் எங்கே போனாலும் இதே கதைதான். வங்கியில் இருப்பவர்களுக்கு வேலை போகும், கணக்கு எழுதுபவர்களுக்குப் போகும் என்றெல்லாம் சொன்னார்கள். "அத்தானுக்குப் பயமில்லை. சுவரை உடைச்சுப் பைப் மாத்த அதுக்குக் கையில்லையே" என்று தம்பி சிரித்தான். அதுவும் முழுக்க உண்மையில்லை. சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளை ஆட்கள் போனிடமே கேட்டுத் தாங்களே செய்துகொண்டார்கள். ஆனாலும் பெரிய வேலைகள் வந்தபடிதான் இருந்தன. பைப் வேலைக்குள் காதாக இருக்கிற ஒரு வேலையும் உண்டு என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் போனது அதுதான். அதை யாரிடம் சொல்லி வருத்தப்படுவது? கணவருக்கு நல்லது நடந்ததற்கு அழுவாளா ஒருத்தி என்று ஊர் கேட்காதா?

ஒருநாள் காலையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் நெற்றியைச் சுருக்கியபடி குசினிக்குள் வந்தார்.

"இஞ்சாரும், கிண்ணியாவில இருந்து ஒரு ஆள் அனுப்பியிருக்கிறார். அவற்ற தங்கச்சி இத்தாலியில இருக்கிறாவாம். அறைக்குள்ள தண்ணி வருதாம். இத்தாலியில தண்ணி வாறதுக்கு நான் என்ன செய்யிறது?"

போனை வாங்கிப் படித்தேன். உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. குரலைப் போட்டுக் கேட்டேன். அந்த மனிதர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "தங்கச்சி இத்தாவில இருக்கா. முந்தி பாஸோட ஒரு அக்கா வருவாவே, அவவையும் கூட்டிட்டு வாங்க" என்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் விழித்துக்கொண்டு நின்றார். சிரித்து முடித்த பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் மனதில் இறங்கியது. இத்தா என்றால், கணவரை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம். அந்த வீட்டை எனக்குத் தெரியும். கட்டும்போது குழாய் பொருத்தியவர் என் கணவர்தான். அந்தத் தங்கையின் கணவர் எங்களுக்கு வெட்டித் தந்த இளநீர்கூட ஞாபகம் இருந்தது. நான் கையால் விஷயத்தைச் சொன்னதும் இவர் முகம் மாறிவிட்டது. உடனே கிளம்பினோம்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போய் இறங்கியபோது, குரல் அனுப்பிய அண்ணன் வாசலில் நின்றார். என் கணவர் முற்றத்தோடு நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

குளியலறையும் அவவின் அறையும் ஒரே சுவர். சுவருக்குள் எங்கோ குழாய் கசிந்து, ஈரம் அறைப் பக்கமாக ஊறி, சுவரில் இருக்கும் மின்சாரப் பிளக்குக்குக் கிட்ட வந்துவிட்டது. மெத்தையை நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தா. சின்ன மகள் அதில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேற அறைக்குள்ள போய் இருங்க, ஆம்பிளையள் வந்து செய்யட்டும், குற்றமில்ல எண்டு காக்கா சொன்னவர்" என்று அண்ணன் சொன்னதைச் சொன்னா அந்தப் பெண். "எனக்குத்தான் ஏலாம இருக்கு அக்கா. அவர்ட உடுப்பெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

நான் பார்த்துவிட்டு வந்து சொல்வேன், பிறகு ஏதாவது வழி செய்யலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முற்றத்துக்கு வந்து கையால் விவரத்தைச் சொன்னேன். என் கணவர் அண்ணனிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தினார். தாங்கியின் வால்வை அடைத்தார். பிறகு சாமான் பையைத் தூக்கி என் கையில் தந்தார்.

"நீரே செய்யும்" என்றார்.

எனக்குத் தெரியாது என்று கையை விரித்தேன்.

"உமக்குத்தான் தெரியும். இவ்வளவு வருஷமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டனான். நீர் என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டனீர்."

அந்தப் பெண் படத்தில் விழாதபடி என் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பி, சவர்க்காரத் தட்டில் சாய்த்து வைத்தேன். வீடியோவில் நான் கையால் கேட்பேன். அவர் முற்றத்திலிருந்து வாயால் பதில் சொல்வார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. அதனால் அவர் சொல்வது போனிலும் கேட்டது, சுவரைத் தாண்டியும் கேட்டது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும்.

உளியைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். டைல் உடைந்து விழுந்த சத்தத்தில் மகள் எழும்பிவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீமெந்தைக் கொத்தினேன். குழாய் வளைகிற இடத்தில் ஒரு முடியளவு வெடிப்பு. "அதுதான், அதுதான்" என்று முற்றத்தில் கத்தினார். வெடித்த துண்டைக் கைவாளால் அறுத்தெடுத்து, புதுத் துண்டை வைத்து, கம் என்கிற பசையைப் பூசி ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீரைத் திறக்கச் சொன்னேன்.

ஈரத்தைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டியிருக்கிறேன். பொருத்து படாரென்று கழன்றது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, போனைக் குப்புற விழுத்தி, என் முகத்தில் அடித்தது. நான் இரண்டு கையாலும் பொத்தப் போக, அது திரும்பிப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணை முழுக்க நனைத்தது. வாளியோடு நின்றவ ஒரு கணம் திகைத்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. அடக்கப் பார்த்தா, முடியவில்லை. அவவைப் பார்த்து நானும் சிரித்தேன். மகள் கதவடியில் வந்து நின்று, என்ன ஏதென்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

படம் மறைந்ததைக் கண்டு இவர் வால்வை அடைத்திருக்கிறார். தண்ணீர் நின்றதும் அவ திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டா.

"அக்கா, நான் சிரிச்சிட்டன்."

நான் வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். அவவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரும் ஒருக்கா குழாயத் திருத்துறன் எண்டு போய் இப்பிடித்தான் நனைஞ்சுட்டு வந்தவர்" என்றா மெதுவாக. "அப்பயும் நான் சிரிச்சு, அவருக்குக் கோவம்." அதைச் சொல்லும்போது கண்ணீர் வந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இரண்டாம் தரம் அவசரப்படவில்லை. அவவே பழைய துணி கொண்டுவந்து குழாயைத் துடைத்துத் துடைத்துத் தந்தா. ஒட்டிவிட்டு இருவரும் நிலத்திலேயே உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி காய விட்டோம். இந்த முறை தண்ணீரைத் திறந்தபோது பொருத்து அசையவில்லை. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அவவும் தொட்டுப் பார்த்தா.

திரும்பி வரும்போது என் கணவர் பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"உள்ள என்ன நடந்தது? என்னோட கதைச்சுக்கொண்டு இருந்த அவவின்ர தமையன் திடீரெண்டு எழும்பிக் கிணத்தடிக்குப் போய் நிண்டு அழுதவர். போனைப் பார்த்தனான், அதில ஒண்டும் வரேல்ல."

அவருடைய போன் முற்றத்தில் நடந்த பேச்சைத்தான் எழுதியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பை அது எழுதவில்லை. அந்த மனிதர் அழுததன் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. கணவன் போன நாளிலிருந்து தங்கையின் சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்காது. நான் நடந்ததை ஒவ்வொன்றாகக் கையால் சொன்னேன். தண்ணீர் அடித்ததை, அவ சிரித்ததை, வாயைப் பொத்தியதை. என் கணவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் அதைக் கேக்க வேணும் போல கிடக்கு" என்றார். அவர் தன் காதைப் பற்றி அப்படி ஏதாவது சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் பின்னாலிருந்து அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் யாருக்கெல்லாம் சொன்னா என்று தெரியாது. அதன் பிறகு பெண்கள் மட்டும் இருக்கிற வீடுகளிலிருந்து என்னைக் கேட்டு அழைப்பு வரத் தொடங்கியது. இத்தா வீடுகள் மட்டுமல்ல. கணவர்மார் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள், தனியாக இருக்கும் ஆசிரியைகள், விடுதிப் பிள்ளைகள். இப்போது எனக்கென்று தனியாக ஒரு சாமான் பை இருக்கிறது. தெரியாததை அவரிடம் கேட்பேன். சில வேளை போனிடமும் கேட்பேன். அதுவும் பொறுமையாகத்தான் சொல்லித் தருகிறது.

நாளைக்கு இந்த வேலையிலும் எது மிஞ்சும், எது போகும் என்று எனக்குத் தெரியாது. பயமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் ஒட்டிய முதல் பொருத்து கழன்று, துக்கம் குடியிருந்த ஒரு வீட்டில் ஒரு பெண் தன்னை மறந்து சிரித்ததை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனிதருக்கு இன்னொரு மனிதர் எந்த இடத்தில் தேவைப்படுவார் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்லிவிட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.