பதம் பார்க்கிற கை

காசிராஜன் வாத்தியாருக்கு வலது கையில் மிச்சம் இருப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். கை போனதோடு பிரம்பும் போய்விடும் என்று பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனுஷன் பிரம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஆமத்தூரில் சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர். கம்மாக்கரையில் நெல்லும் மேட்டில் பருத்தியும் போட்ட குடும்பம். பட்டாசுக் கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் சிவகாசி ரோட்டில் அவர் வேதியியல் நடத்திய பள்ளியில் முக்கால்வாசிப் பேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

மற்ற பள்ளிகளில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு என்றால் ஒரு நல்ல கோழிக் குழம்புச் சாப்பாடு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எல்லாருக்கும் ஐம்பதுக்கு ஐம்பதை ஒட்டிப் போட்டுவிட்டுப் போவார். காசிராஜன் அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டார். உப்பைக் கண்டுபிடித்ததற்கு இவ்வளவு, அளந்து ஊற்றியதற்கு இவ்வளவு, ரெக்கார்டு நோட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பிரித்து வைத்தது போதாது என்று தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பெயர் கை மார்க். விடை சரியாக இருந்தாலும் கை தப்புச் செய்தால் மற்றதிலெல்லாம் வெட்டுவார். குறைகிற மார்க்குக்கு வருஷம் பூராவும் பிரம்படி தனி.

அந்தப் பிள்ளைகளின் கையில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தூளைக் கொடுத்தாலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்குவார்கள். வெடிமருந்து காய்ந்துவிட்டதா, இன்னும் ஈரம் இருக்கிறதா என்று கம்பெனியில் பெரியவர்கள் பதம் பார்ப்பதைப் பார்த்து வந்தது. சோறு பிசைவது போலத் தானாக வரும்.

2004இல் அன்பரசன் என்று ஒரு பையன். கெட்டிக்காரன். அப்பா கோட்டைச்சாமிக்கும் அம்மா முருகம்மாளுக்கும் விஸ்வநத்தம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. வருஷ ஆரம்பத்திலேயே அவன் வெள்ளை உப்பு ஒன்றைக் கசக்கிக்கொண்டு நின்றதைக் காசிராஜன் பார்த்துவிட்டார். அறைந்த அறையில் பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

“என்னலே பண்ணுத?”

“பதம் பாக்கேன் சார்.”

“ஏலே, இது என்ன உங்காத்தா மருந்து கலக்குற ரூமா?”

அதற்குப் பிறகு எத்தனை பிரம்பு உடைந்தது என்று யாரும் எண்ணவில்லை. அடி வாங்கி வாங்கிப் பையன் திருந்தினான். தேர்வு அன்று, பயத்தில், கை பழைய இடத்துக்கே போய்விட்டது. உப்பின் பெயரைச் சரியாக எழுதியிருந்தான். வெளித் தேர்வாளர் லட்சுமிகாந்தம், பாவம், மன்றாடிப் பார்த்தார்.

“விடை சரியாத்தான சார் இருக்கு? பையன் வாழ்க்கை சார்.”

“வாழ்க்கைன்னுதான் சார் சொல்லுதேன். இந்தக் கைய வச்சிக்கிட்டு நாளைக்குக் காலேஜ் லேபுக்குப் போனா வெந்து சாவான். ஒரு வருசம் உக்காந்து பழகட்டும்.”

செய்முறையில் தேறாவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கியும் பிரயோசனம் இல்லை. அன்பரசன் பெயில். நல்லது செய்தோம் என்று காசிராஜன் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஒரு வருஷம் உட்காருவதற்குப் பையன் வீட்டில் எங்கே இடம் இருந்தது? அம்மாவுக்குப் பதிலாக மருந்து ரூமுக்குப் போனான். சித்திரை வெயில், தீபாவளி ஆர்டருக்கு அவசரம். காய வைத்த மருந்தை எடுக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பதம் பார்த்தான். முறுகக் காய்ந்திருந்த மருந்து அந்த உரசலில் பற்றிக்கொண்டது. வாசலில் நின்ற பெண் அதைப் பார்த்தாள். அவள் பிழைத்ததால் விஷயம் வெளியே வந்தது. ரூம் இருந்த இடத்தில் சுவர் இல்லை. தகரம் பக்கத்துக் காட்டில் விழுந்து கிடந்தது. முருகம்மாள் மகனை அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் சொன்னாள்.

பள்ளி திறந்த அன்றைக்குக் கோட்டைச்சாமி அரிவாளோடு ஆய்வகத்துக்குள் வந்தார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை.

“எம்மகன் கை சரியில்லைன்னு எழுதுன கை எதுங்க சார்?”

காசிராஜன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். அரிவாள் அந்தக் கையைப் பதம் பார்த்தது. மூன்று விரல் கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அமிலப் பாட்டில் உடைந்து கோட்டைச்சாமியின் காலும் வெந்தது. ரத்தமும் புகையுமாக இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கிடந்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது, பாட்டில் உடைந்து கிழித்துவிட்டது என்று வாத்தியார் சொன்னார். நம்பினவர் யாரும் இல்லை. கடைசி வரைக்கும் அவர் மாற்றிச் சொல்லவும் இல்லை.

கோட்டைச்சாமி விட்டு வைத்த இரண்டு விரலும் பதம் பார்க்கிற விரல்கள். ராத்திரி சோறு பிசையும்போது அதைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார் என்று அவர் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து அன்பரசனின் தங்கை இசைவாணி அதே வகுப்புக்கு வந்தாள். நர்சிங் படிக்க ஆசை. தேறாவிட்டால் மருந்து ரூமுக்குத்தான் என்று முருகம்மாள் கம்பெனி ஃபோர்மேனிடம் சொல்லியே வைத்திருந்தாள். அந்த வருஷம் முழுக்கக் காசிராஜன் அவளைத் திட்டவில்லை, தொடவில்லை, அவள் பக்கமே போகவில்லை.

தேர்வு அன்று, திரும்பவும் லட்சுமிகாந்தம்தான் வந்திருந்தார். கண்ணாடித் தட்டில் உப்பை வைத்ததும் இசைவாணி ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கினாள். கசக்கிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்தாள். வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சச் சோதனை முழுவதையும் அழுகையை அடக்கிக்கொண்டே செய்து முடித்தாள்.

“கை மார்க்கு எம்புட்டு சார்?” என்று லட்சுமிகாந்தம் பயந்துகொண்டே கேட்டார்.

காசிராஜன் பேனாவை அந்த இரண்டு விரலில் பிடித்து, எதிலும் குறைக்காமல், ஐம்பது என்று போட்டார்.

எல்லாரும் போனதும் அவளை மட்டும் நிற்கச் சொன்னார். பிரம்பை எடுத்தார்.

“கைய நீட்டு பிள்ள.”

இடது கையை நீட்டினாள். பிறகு அதை மடக்கிக்கொண்டு வலது கையை நீட்டினாள். “கசக்குனது இதுதான் சார்.”

அடித்தார். வெறி பிடித்தவர் மாதிரி அடித்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்து, ஒரு இடத்தில் தோல் பிய்ந்து ரத்தம் கசிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெயில்தான் என்று அவள் முடிவே செய்திருந்தாள். அதற்கு மேல் ஒரு அடி வலிக்கவா போகிறது?

மூச்சு வாங்க நிறுத்தினார்.

“மார்க்க முழுசாப் போட்டுட்டேன். நீ பாசு. இது உன் கைக்கு. இனிமே எந்தத் தூளையும் தொடாது.”

அப்போதுதான் அவள் அழுதாள். தேம்பித் தேம்பி, ரத்தம் கசிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்.

“எங்கண்ணனையும் இப்படி அடிச்சிட்டு பாசு போட்டிருக்கலாம்ல சார்?”

வாத்தியார் கையில் பிரம்பு இல்லை. அது கீழே கிடந்தது.