நீலத் தண்ணீர் பச்சையான கதை

என் வீட்டுக்காரர் கிரிதருக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. வீடியோ எடுப்பதெல்லாம் மிச்ச நேரத்தில். நான் இப்படிச் சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். சுருங்கட்டுமே, பொய்யா சொல்கிறேன்? மலைக்கோவில் மடப்பள்ளியில் தலைமுறையாகப் பொங்கல் கிளறிய குடும்பத்தில் பிறந்து, கரண்டியை விட்டுக் கேமராவைப் பிடித்த மனுஷர். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கல்நார் கூரை போட்ட கடையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார்.

2007 சித்திரை வெயிலில் எங்கள் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் நின்று நின்று போனது. சென்னைக்குப் போய், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் பழைய மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். பக்கவாட்டுக் கண்ணாடி வழியே குழாய்களில் நீலத் தண்ணீர் ஓடுவது தெரியும். “நிறம் மாறினா உஷாரு சார். பாசி புடிக்காம மருந்து விட்டுகினே இருக்கணும்,” என்று விற்றவர் சொல்லிவிட்டார். போதாதா இவருக்கு? அந்த மருந்தோ எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. தினமும் கடை திறந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

“ஸ்வர்ணா, இங்க வந்து பாரேன். இது நீலமா, பச்சையா?”

“நீலம்தான்.”

“நேத்து இதைவிட நீலமா இருந்துதே?”

ஆவணியில் நிஜமாகவே பச்சையடித்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்தது அம்மையார்குப்பம் விசைத்தறிக்காரர் ராஜவேலுவின் கல்யாணம். கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள் ராஜவேலுவின் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவர் நடமாடிய படம் உலகத்திலேயே அந்த மெஷினில் மட்டும்தான் இருந்தது. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தை எடுப்பது எங்கள் தொழில் வழக்கம். ஆர்.கே.பேட்டைக் கல்யாணத்தை அதன் மேலேயே எடுத்தாயிற்று. சாவுச் செய்தி அதற்கப்புறம்தான் வந்தது. அன்றிலிருந்து மனுஷர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் கெடாமலிருக்க எங்கள் வீட்டில் என்ன போடுவோம்? தீர்த்தச் சொம்பில் போடுகிற பச்சைக் கற்பூரம்தானே! அவர் சாப்பிடப் போயிருந்தபோது மெஷினின் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து நாலு துண்டு பொடித்துப் போட்டேன். பெரிய விஞ்ஞானி நான்!

நாலாம் நாள் மத்தியானம், கற்பூரம் பட்ட பிளாஸ்டிக் குழாய் முனை இளகித் தண்ணீர் சொட்டி, நேராக ஹார்ட் டிஸ்க் மேல் விழுந்தது. திரை இருண்டது. கிரிதர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்தார். வாசனை எனக்கே வந்தது, மடப்பள்ளிக்காரருக்குத் தெரியாதா? என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

டிஸ்க்கைத் துடைத்து மூன்று நாள் உலர வைத்தார். ஈரம் துளி இருந்தாலும் மின்சாரம் பட்டதும் எல்லாம் போய்விடுமாம். நடுவில் ராஜவேலுவின் போன்: “அண்ணா, முப்பதாம் நாள் படையலுக்கு நைனாவப் போட்டுக் காட்டணும். அம்மா கேட்டுகினே கீது.”

நாலாம் நாள் ராஜவேலு கடைக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய கம்ப்யூட்டரில் டிஸ்க்கை மாட்டிக்கொண்டே கிரிதர் சொன்னார்: “தண்ணி ஒழுகிடுச்சு. வருமா வராதான்னு தெரியலப்பா. தப்பு என்னோடதுதான்.”

“இல்லீங்க, நான்தான்...”

“ஸ்வர்ணா, அந்த ஒயரை எடு,” என்று என்னை அடக்கிவிட்டார்.

பொத்தானை அழுத்தினார். டிஸ்க் கிர்ரென்றது, நின்றது, மறுபடி சுற்றியது. படம் வந்தது. முருகா! பந்தியில் சாம்பார் வாளியோடு ராஜவேலுவின் அப்பா. கேமராவைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “யோவ், கண்ணு கூசுது. என்னை எதுக்குய்யா புடிச்சிகினு கீற? அந்தாண்ட போ!”

கிரிதர் பதறிப்போய், “இதை வெட்டிடறேன். தாலி கட்டறப்ப நல்லா நிக்கறார், அதை மட்டும்...” என்றார்.

“ஐயோ, வெட்டாதீங்கண்ணா. எங்க நைனா எங்கள திட்டாத நாளே கெடையாது. இன்னொரு தபா போடுங்க.”

போட்டார். “அந்தாண்ட போ!” என்றார் அப்பா.

“ஆங், போறேன் நைனா,” என்றார் ராஜவேலு, இருந்த இடத்தை விட்டு நகராமல்.