ஸ்டெல்லாவின் வகுப்பைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு சனிக்கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஊர் சுற்றிப் பார்த்த கதை இல்லை. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஸ்டெல்லா பாடம் நடத்துவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை திருநின்றவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. போகாவிட்டால் என் வேலை நிரந்தரமாகாது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் விரிவுரையாளர்கள் ஒரு வருடத்துக்குள் கற்பித்தல் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். லீவு போட்டுப் படிக்கிற படிப்பு இல்லை இது. வேலை பார்த்துக்கொண்டே, நாம் நடத்துகிற வகுப்பைக் காட்டித்தான் வாங்க வேண்டும். மூத்தவர்கள் வந்து பார்த்து மதிப்பிடுவார்கள். நாமும் சக ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்து நான்கு பக்கப் படிவம் எழுத வேண்டும். ஸ்டெல்லா முதல் தடவையே தேறிவிட்டார். எனக்கு வந்த தாளில் ‘மீண்டும்’ என்று ஒரே ஒரு வார்த்தை. நான் டாக்டர் பட்டம் வாங்கியவன், ஒன்பது ஆய்வுக் கட்டுரை எழுதியவன். அவர் எழுதியது இரண்டே இரண்டு! துறைக் கூட்டத்தில் எல்லோரும் அவருக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு பற்றி எரிந்தது.

அடுத்த புதன்கிழமை எனக்கு இரண்டாவது வாய்ப்பு. அதுதான் கடைசியும்கூட.

காலை 6.05க்குத் திருநின்றவூரில் மின்சார ரயில். கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரே டிக்கெட், இருபது ரூபாய். 6.55க்கு பேசின் பிரிட்ஜில் இறங்கி, 7.15க்கு அடுத்த வண்டி. சனிக்கிழமையும் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் இருக்கும், ஆனால் எண்ணூர் தாண்டினால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். எனக்கும் கிடைத்தது. அத்திப்பட்டு வந்ததும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. ஸ்டெல்லாவின் அப்பா அங்கே கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். அதனால் தன் வகுப்புக்கு வருகிற தொழிலாளிகளிடம் ஸ்டெல்லாவுக்குப் பேச வரும், எனக்கு வராது. அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டேன்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் தொழிலில் ரெக்கார்டு முதலில், வேலை பிறகு. நடக்காத வகுப்புக்குக் குறிப்பேட்டை நிரப்பிவைக்காத வாத்தியாரை நான் பார்த்ததில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். ‘ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தார், மாணவர்கள் வாய் திறக்க வாய்ப்பில்லை’ என்று ஆரம்பித்து, பொன்னேரி வருவதற்குள் நான்கு பக்கத்தையும் பேனாவால் நிரப்பிவிட்டேன். ‘இதிலிருந்து உங்கள் வகுப்பில் எதை மாற்றுவீர்கள்?’ என்பது கடைசிக் கேள்வி. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். என்ன ஒரு நிம்மதி தெரியுமா!

8.35க்குக் கும்மிடிப்பூண்டி. ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, சிப்காட்டுக்கு மூன்று கிலோமீட்டர், இருபது ரூபாய்.

“எந்தக் கம்பெனி சார்? இன்டர்வியூவா?” என்றார் ஓட்டுநர்.

“இல்லைங்க, கிளாஸ் பார்க்க வந்தேன்.”

“ஓ, ஸ்டெல்லா மேடம் கிளாஸா? என் மச்சான் அங்கதான் படிக்கிறான். சனிக்கெழம ஆனா ஊட்ல ஒரே பேஜாரு சார், அதே பேச்சுதான். நாஷ்டா கூட துன்னாம ஓடறான்!”

இவருமா என்று இருந்தது. இறங்கி, வகுப்பு நடக்கிற இடத்து வாசல் கடையில் நான்கு இட்லி, நாற்பது ரூபாய்.

தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்காக எங்கள் பல்கலைக்கழகம் ஒரு பயிற்சிக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் நடத்துகிற டிகிரி வகுப்பு அது. முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் யூனிஃபார்மிலேயே. பார்க்க வருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஸ்டெல்லா வணக்கம் சொல்லிவிட்டு, போர்டில் ஒன்றுமே எழுதாமல் ஒரு கேள்வி கேட்டார். “உலையில இருந்து வர்ற இரும்புக் கட்டி, கம்பியா நீட்டற ரோலருக்கு அனுப்பற அளவு காய்ஞ்சிருக்குதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?”

“கலர் பாத்துதான் மேடம்” என்றார் முருகேசன் என்ற நாற்பது வயதுக்காரர். “செவப்பா இருந்தா வேலைக்காவாது. மஞ்சளா வரணும்.”

“மேல மஞ்சளா இருக்கும், உள்ள காய்ஞ்சிருக்காது. ரோலர்ல மாட்டிக்கினா அன்னிக்கு எல்லாருக்கும் திட்டுதான்” என்றார் பக்கத்திலிருந்தவர்.

“மேல சூடு, உள்ள சூடு இல்ல. ஏன்?” என்று கேட்டுவிட்டு ஸ்டெல்லா சும்மா நின்றார். யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குக் கை காலெல்லாம் பரபரத்தது. முருகேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், “வெப்பக் கடத்துத்திறன்!” என்று கத்திவிட்டேன்.

முப்பது தலைகள் திரும்பிப் பார்த்தன. பிறகு எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அதோடு பேச்சு நின்றுபோயிற்று. முருகேசனும் வாயை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா சிரித்தார். “சார் அதோட பேரச் சொல்லிட்டாரு. அது இன்னான்னு யாரு சொல்றது?” பேச்சை மறுபடி கிளப்ப அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கடைசியில் முருகேசன் எழுந்து, தடித்த கட்டி உலையில் ஏன் கூடுதல் நேரம் கிடக்க வேண்டும் என்று விளக்கினார். அவர் சொன்னதன் பக்கத்திலேயே ஸ்டெல்லா சமன்பாட்டை எழுதினார். நான் பல முறை நடத்திய சமன்பாடுதான். இப்படி ஒரு நாளும் நடத்தியதில்லை.

வகுப்பு முடிந்ததும், “குடுங்க சார், கையெழுத்துப் போட்டுர்றேன்” என்று கையை நீட்டினார். பார்க்கப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை என்ற தைரியத்தில் கொடுத்தேன். அவர் படித்தார்.

“இன்னா சார், கையெழுத்து ஆடிக்கினே இருக்குது? ட்ரெயின்லயே எழுதிட்டீங்களா?”

படிவத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் தராமல் முதல் வரியை வாசித்தார்.

“‘ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தார்.’ சார், இன்னிக்கு கிளாஸ்ல பதில் சொல்லிக்குடுத்த வாத்தியாரு நீங்க ஒருத்தர்தான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தன் பையிலிருந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “ஊட்டுக்குப் போய் எழுதுங்க, திங்கக்கெழம கையெழுத்துப் போடறேன். ஆமா, உங்க கிளாஸப் பார்த்து நான் எழுதினத படிச்சீங்களா?”

“படிச்சேன் மேடம்” என்றேன். பொய். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் கொடுத்தபோது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஃபைலில் சொருகியவன் நான்.

1.40 ரயிலில் அந்த ஃபைலைத் திறந்தேன். அவர் எழுதியிருந்தது இதுதான்: ‘கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் இவரே பதிலைச் சொல்லிவிடுகிறார். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி இரண்டு முறை கையைத் தூக்கினார், இவர் கவனிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அதே மாணவிக்கு ஒரு டீ டம்ளரை வைத்து ஐந்தே நிமிடத்தில் புரியவைத்தார். வராந்தாவில் நான் பார்த்த அந்த ஆள் வகுப்புக்குள்ளும் வந்தால் என்னைவிட நன்றாக நடத்துவார்.’

கீழே தேதி. எனக்கு ‘மீண்டும்’ வருவதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதி. அன்றைக்கே படித்திருந்தால் அந்த வார்த்தையே வந்திருக்காது. நந்தியம்பாக்கம் வரை தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். பிறகு புதுப் படிவத்தின் கடைசிக் கேள்வியை முதலில் எழுதினேன்: ‘கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.’

புதன்கிழமை மூடிக்கொண்டேன். மேசைக்கு அடியில் விரலை மடக்கி நொடிகளை எண்ணினேன். எட்டு வந்தபோது மூன்றாவது வரிசைக் கை எழுந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சூளூர்ப்பேட்டை வண்டியில் ஏறித் தூங்கிவிடாதீர்கள், ஆரம்பாக்கத்தில் போய்த்தான் விழிப்பீர்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். சிப்காட் சாலையில் நிழல் கிடையாது, லாரி உண்டு. பேனாவைத் திரும்பி வரும்போது மட்டும் திறவுங்கள். உங்கள் வகுப்பைப் பற்றி யாராவது எழுதிக் கொடுத்தால், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆமாம், தேறிவிட்டேன். துறைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். நான் ஸ்டெல்லாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கொஞ்சமாவது எரிகிறதா என்று. எரியவில்லை. எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார். அதைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.